வேலப்பாடி வீடு (குடும்பக் குழு)

செல்வி (மாலை 6:40): ஆயாவுக்கு சனிக்கிழமை டிஸ்சார்ஜ். முன் ரூம்தான் வேணும்னு சொல்லுது. ஆரணி ரோட்டு ஹாரன்ல எப்படித் தூங்கும்? நாளைக்கு 10 மணிக்கு டபுள் கிளாஸ் சன்னலுக்கு அளவெடுக்க ஆள் வராங்க. என்ன கேக்கணும்னு சொல்லுங்க

ரமேஷ் அண்ணன்: போட்டுடு. காசு நான் அனுப்பறேன்

கோமதி அத்தை: பழைய சட்டத்தப் பேக்கறதா? அப்பா பாத்துப் பாத்துப் போட்ட தேக்கு

பாலு சித்தப்பா: பேக்க வேணாம் அக்கா. செல்வி, நிதானமா படி. நம்ம சுவர் பதிமூன்றரை அங்குலம். பழைய சட்டமும் கம்பியும் வெளி ஓரமா இருக்கு, உள் பக்கம் 8 அங்குலத்துக்கு மேல இடம் சும்மா கிடக்கு. புது சன்னல் அங்க நிக்கட்டும். சட்டத்தைப் பேத்தா சுண்ணாம்புப் பூச்சும் கூடவே பாளம் பாளமா வரும், மேல இருக்கிற செங்கல் வளைவும் ஆடும். உள்ள போட்டா ரெண்டு சன்னலுக்கும் நடுவுல 5 அங்குலம் காத்து நிக்கும். சத்தத்தைத் தடுக்கிறதே அந்த இடைவெளிதான். டபுள் கிளாஸ்ல ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற 12 மிமீ இடைவெளி சூட்டுக்கு உதவும், ஹாரனுக்கு அவ்வளவு உதவாது.

பிரபு: கம்பி இருக்கு மாமா. வெளிய திறக்க முடியாது

பாலு சித்தப்பா: கதவு மாதிரி உள்ள திறக்கிற கேஸ்மெண்ட்தான். விலை கம்மின்னு பக்கவாட்டுல தள்ளற ஸ்லைடிங் சொல்வாங்க, ஒத்துக்காதம்மா. அதுல பிரஷ் மாதிரி நார்தான் அடைப்பு, சத்தம் அது வழியா வந்துடும். கேஸ்மெண்ட்ல சுத்தி ரப்பர் அமுங்கும், பூட்டு மூணு நாலு இடத்துல பிடிக்கும்.

செல்வி: உள்ள திறந்தா கட்டில் இடிக்கும்

ரமேஷ் அண்ணன்: தள்ளிப் போடு

கோமதி அத்தை: கட்டில்னதும் ஞாபகம் வருது. அந்த ஊஞ்சப் பலகை இப்ப யார் வூட்ல கீது?

ரமேஷ் அண்ணன்: அத்தை 🙏

பாலு சித்தப்பா: அது அப்புறம் பேசலாம் அக்கா. செல்வி, அளவு. அகலத்தை மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல எடுக்கணும். உயரமும் அப்படியே. மூணுல சின்னதுதான் கணக்கு. உதாரணத்துக்கு அகலம் 1192, 1185, 1188 மிமீன்னு வந்தா 1185. அதுல பக்கத்துக்கு 5ன்னு 10 கழிச்சா 1175. பிறகு மூலைக்கு மூலை குறுக்க அளக்கணும். ஒண்ணு 1794, இன்னொண்ணு 1780ன்னா திறப்பு 10 மிமீ போல சாஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்ப அகலத்துல இன்னொரு 10 குறைச்சு 1165. பழைய வீட்ல இது நிச்சயம் இருக்கும். டஃபன்ட் கண்ணாடியை, அதாவது சூடேத்திக் கெட்டியாக்கின கண்ணாடியைச் செஞ்ச பிறகு அறுக்க முடியாது, தப்புன்னா புதுசுதான்.

செல்வி: சரி சித்தப்பா. எழுதிக்கறேன்

பிரபு: கண்ணாடி 6+12+5 கேளு, அதாவது 6 மிமீ கண்ணாடி, 12 மிமீ இடைவெளி, 5 மிமீ கண்ணாடி. ரெண்டும் ஒரே கனம்னா ஒரே சத்தத்துக்கு ரெண்டும் சேர்ந்து அதிரும். சதுர மீட்டருக்கு 27.5 கிலோ வரும், கீலு கனமானதா இருக்கணும்

ரமேஷ் அண்ணன்: வெயிலுக்கு? அது மேற்கு பார்த்த ரூம்

பிரபு: வெறும் கண்ணாடின்னா ரெண்டு இருந்தாலும் வெயில் உள்ள வரும். சூட்டைத் திருப்பி அனுப்பற லோ-ஈ பூச்சு வேணும். வெளிக் கண்ணாடியோட உள் முகத்துல

பாலு சித்தப்பா: லைட்டர் கொளுத்திக் கண்ணாடி முன்னாடி பிடி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ரெண்டு முகம், அதனால நாலு சுடர் தெரியும். ஒண்ணு மட்டும் வேற நிறமா இருந்தா பூச்சு இருக்கு. வெளியிலிருந்து எண்ணினா ரெண்டாவதா இருக்கணும். மூணாவதா தெரிஞ்சா திருப்பி மாட்டிட்டாங்க.

கோமதி அத்தை: எனக்கு ஒண்ணும் புரியல. சனிக்கிழமை வரவங்களுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைச்சா வாங்கு பிரபு

பிரபு: சரிம்மா

செல்வி: மாட்டும்போது என்ன பாக்கணும்?

பாலு சித்தப்பா: துளை போடறப்ப தூள பாரு. செவப்பா வந்தா செங்கல், திருகு நிக்கும். வெள்ளையா வந்தா சுண்ணாம்புச் சந்து, அங்க பிடிக்காது, ரெண்டு அங்குலம் தள்ளிப் போடச் சொல்லு. டிரில்லோட சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திட்டு மெதுவாத்தான் துளைக்கணும், இல்லன்னா பூச்சு உதிரும். மூலையிலிருந்து 150 மிமீ தள்ளி முதல் திருகு, அப்புறம் 600க்கு மேல இடைவெளி கூடாது. ஒவ்வொரு திருகுக்குப் பின்னாலயும் பேக்கர், அதாவது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல வெக்கிற கட்டை, வெக்காம முறுக்கினா சட்டம் வளைஞ்சு கதவு உரசும். ரசமட்டம் வெச்சுப் பாத்த பிறகுதான் சந்தை அடைக்கிற ஃபோம்.

பிரபு: ஃபோம் நிறைய அடிச்சாலும் சட்டம் உள்ள தள்ளும். கதவை மூடிப் பூட்டிட்டு அடிக்கணும். காஞ்சதும் அறுத்துட்டு மேல சிலிக்கான் பசை

பாலு சித்தப்பா: சிலிக்கான் நியூட்ரல் மட்டும். பிசுக்கிப் பாத்தா காடி வாசம் வரக்கூடாது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புல ஒட்டாது, கண்ணாடி ஓரத்து அடைப்பையும் அரிக்கும். அடைப்பு போனா ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல பனி படியும், துடைக்க முடியாது. கண்ணாடி கீழ ரப்பர் கட்டை மேல உட்காரணும். சட்டத்து அடியில தண்ணி வெளியேற துளை இருக்கும், அதை அடைச்சிடாதீங்க.

ரமேஷ் அண்ணன்: சனிக்கிழமைக்குள்ள முடியுமா?

பிரபு: முடியாது அண்ணா. கண்ணாடி செஞ்சு வரவே ரெண்டு வாரம் ஆகும். அக்னிக்கு முன்ன முடிஞ்சா நல்லது

செல்வி: அப்ப ஆயா எங்க தூங்கும்?

கோமதி அத்தை: எங்க வூட்ல பின் ரூம் அமைதிதான்

பாலு சித்தப்பா: அம்மா அந்த வீட்ட விட்டு வராது அக்கா

ரமேஷ் அண்ணன்: அளவெடுத்ததும் போட்டோ போடு. கொட்டேஷன்ல கண்ணாடி தனி, சட்டம் தனின்னு கேளு

செல்வி: சரி. பழைய தேக்கு அப்படியே இருக்கும் அத்தை, யாரும் எடுக்கல

கோமதி அத்தை: சந்தோஷம். சனிக்கிழமை பத்தி அம்மாவ கேட்டுட்டு சொல்றேன்