நடுநிலை மிதப்பா, நிலைமிதப்பா?

> கடல்மீன் முட்டை மூழ்காமலும் மேலே வராமலும் நிற்கும் உப்பளவுக்கு ‘நடுநிலை மிதப்பு உவர்ப்பு’ எனலாமா?

வணக்கம் ஐயா,

மலேசியாவின் பந்திங்கிலிருந்து எழுதுகிறேன். ‘நடுநிலை’ எனக்கு ஒட்டவில்லை. அது தராசுக்கும் நீதிக்கும் உரிய சொல். முட்டையோ தன் எடைக்கு ஏற்ற ஆழம் வரை இறங்கி அங்கே நின்றுகொள்கிறது. ஆற்றில் இறங்கும்போது ‘நிலை இருக்கிறதா’ என்று கேட்கிறோமே, அந்த நிலைதான் இது. ஆகவே ‘நிலைமிதப்பு’.

என் அப்பா ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பாலின் கெட்டியை அளக்கும் மிதவைக் கருவியான மெட்ரோலாக்கை ரப்பர் பாலுக்குள் விடுவார். கெட்டிப் பால் என்றால் அது இறங்கி நிற்கும், தண்ணிப் பால் என்றால் மேலே நிற்கும். “நின்னுடுச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கோட்டைப் படிப்பார். அவர் வாயில் வந்ததும் ‘நிற்பது’தான்.

நிற்கும் இடம் முட்டைக்கு உயிர்ப் பிரச்சினை. பால்டிக் கடலின் தென்பகுதியில் மேல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 7, 8 பங்குதான். அங்குள்ள காட் மீனின் முட்டைக்குக் குறைந்தது சுமார் 11 வேண்டும். அதனால் அது கீழே இறங்கி, உப்பு கூடிய நீரில் நிற்கிறது. அந்த ஆழத்தில் பல ஆண்டுகள் ஆக்சிஜன் இருப்பதில்லை; லிட்டருக்கு 2 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் முட்டை பிழைப்பது அரிது. 1993, 2003, 2014 ஆண்டுகளில் வந்ததுபோல வடகடலின் உப்புநீர் பெரிய அளவில் உள்ளே புகுந்தால்தான் அடிநீருக்கு மூச்சு வரும். குளிர்நீரில் பொரிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆவதால் ஆபத்தும் அத்தனை நாள் நீள்கிறது. நம் பசாரில் விற்கும் சியாகாப் (கொடுவா) மீனின் முட்டை, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது, வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும்.

அப்புறம் ‘உவர்ப்பு’. பள்ளியில் அதை நாக்கின் சுவையாகத்தான் படிக்கிறோம். இங்கே பேசுவது அளவு, ‘உப்பளவு’ போதும்.

‘நிலைமிதப்பு’ என்றால் எப்போதும் மிதப்பது என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ‘நிலைமிதப்பு உப்பளவு’ என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

> சரி அம்மா, ‘நிலை’ எனக்கும் பிடித்துவிட்டது. அப்படியானால் அடியில் கல்லிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்ளும் ஹெர்ரிங் முட்டைக்கு?

‘ஒட்டுமுட்டை’ ஐயா. அதற்கு வேறு சொல் தேட வேண்டாம்.