சின்ன அறையில் பார்த்த பேண்ட், பெரிய மேடை ஏறிய பிறகு

எட்டாம்ஸ்வரம்
கராஜ் ராக், அதாவது மெருகில்லாத முரட்டு ராக், கேட்பவர்களுக்கு முன்னுரை வேண்டாம், நேரே வருகிறேன். ரெண்டே பேர். கிதாரும் டிரம்ஸும் மட்டும், பாஸ் கிதார் கிடையாது. சொந்தக் காசில் ரெக்கார்டு போட்டு, வேனிலேயே தூங்கி ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் பார்த்தேன். ஒரு பாட்டின் நடுவில் கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் செத்துவிட்டது. டிரம்ஸ்காரி நிறுத்தவே இல்லை. கிதார் வாசித்துப் பாடுகிறவன் மைக்கை விட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்து தொண்டை கிழியப் பாடினான். கிதார் போட வேண்டிய ரிஃபை, அந்தத் திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டை, கூட்டம் வாயால் போட்டது. ஆம்ப் திரும்ப வந்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் சில வருடம் கழித்து, பெரிய அரங்கம். அதே பாட்டு, அதே வரி, ஆம்ப் செத்தது! இந்த முறை விளக்கு அவன் மேல் தயாராக விழுந்தது. கூட்டத்துக்கும் எங்கே பாட வேண்டும் என்று தெரிந்திருந்தது. நானும் பாடினேன். அன்றிலிருந்து ஒரே குடைச்சல்: முதல் முறை செத்தது நிஜம்தானா?

பழையஊசி
நிஜமாக இருந்தால் என்ன, பொய்யாக இருந்தால் என்ன? தி ஒயிட் ஸ்டிரைப்ஸும் ரெண்டு பேர் பேண்ட்தான், அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்டுதான் டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பினார்கள். உண்மையில் கணவன் மனைவி, 2000ல் விவாகரத்தும் ஆகிவிட்டது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு உடை எல்லாமே வேஷம். அதனால் பாட்டு மட்டமாகிவிட்டதா? கராஜ் ராக்கில் வேஷமும் ஒரு வாத்தியம்தான். எனக்கும் ஒரு கதை உண்டு. ஒரு பேண்டின் பாடகன் மேடைக்கு வருமுன் கண்ணாடி முன் நின்று தலையைக் கலைத்துக்கொண்டிருந்தான். சீவவில்லை, கலைத்துக்கொண்டிருந்தான்.

கீழ்த்தளம்
பழையஊசி, எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். தி பிளாக் கீஸும் ரெண்டு பேர் பேண்ட்தான், அவர்கள் என்ன வேஷம் போட்டார்கள்? அமெரிக்காவின் அக்ரன் ஊரில் டிரம்ஸ்காரர் வீட்டின் கீழ்த்தளத்தில் முதல் ஆல்பம், 2002. அடுத்ததும் அங்கேயேதான், பெரும்பகுதி ஒரே மூச்சில் 14 மணி நேரத்தில். 2004ல் வந்ததைப் பழைய டயர் தொழிற்சாலைக் கட்டடத்தில் பதிவு செய்தார்கள். காசில்லாததால் வந்த சத்தம் அது. நான் பார்த்த பேண்டும் அந்த ரகம். கச்சேரி முடிந்து ஆம்பைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தேன். "மெதுவா, இதுதான் எங்க வாடகை" என்றான். இப்போது அவர்கள் டிக்கெட் எனக்குக் கட்டுப்படி ஆகவில்லை. அந்த வாடகைக்காரன்தான் நினைவில் நிற்கிறான்.

வால்வுவாத்தியார்
என் அனுபவம் சின்னது: நான் பார்த்த ஒரு கச்சேரியில் ஃபியூஸ் போய், ஆட்டம் அத்தோடு முடிந்தது. இதைப் படிக்கிற பேண்ட் பசங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆம்புக்குள் எழுதியிருக்கிற அளவுள்ள ஃபியூஸ் ரெண்டு கைவசம் வையுங்கள். அதைவிடப் பெரியது போடாதீர்கள். செத்த ஃபியூஸில் சாக்லேட் தாள் சுற்றும் வித்தையும் வேண்டவே வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். புது ஃபியூஸும் உடனே போனால் பெரும்பாலும் ஏதோ ஒரு பவர் வால்வு (ஆம்புக்குள் சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்) போயிருக்கும், அதனால் மாற்று வால்வும் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர் கேபிளுக்குப் பதிலாகக் கிதார் கேபிளைச் சொருகாதீர்கள். ஆம்பைப் போட்டதும் கொஞ்ச நேரம் ஸ்டாண்ட்பையில், அதாவது வால்வு சூடாகும் ஆனால் சத்தம் வராத நிலையில், சூடாக விட்டு அப்புறம் வாசியுங்கள்.

சரி, எட்டாம்ஸ்வரம். ஃபியூஸ் போனால் ஆம்பை அணைத்து, மாற்றி, வால்வு சூடாகும் வரை சத்தம் வராது. ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டினால் சட்டென்று போகும், சட்டென்று வரும். உங்கள் ஆம்ப் எப்படித் திரும்ப வந்தது?

எட்டாம்ஸ்வரம்
வாத்தியாரே, ஃபியூஸ் பாடம் யார் கேட்டது? ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி வயிற்றைக் கலக்குகிறது. யாரும் எதையும் மாற்றவில்லை. ரிஃப் திரும்பும் இடத்தில், தாளம் தப்பாமல் வந்தது. அவன் அப்போது ஆம்புக்குப் பக்கத்தில் போயிருந்தான். அன்று என்னோடு வந்த கூட்டாளி அந்த ராத்திரியை நினைத்து டிரம்ஸ் கற்றுக்கொண்டவன். அவனிடம் இதைச் சொல்லவா வேண்டாமா?