கலைச்சொல் வேண்டும்: பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு வீங்கிக் காய்ச்சல் வந்தால்

தாராவியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பகுதித் தாய்மார்களுக்காக ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை தயாராகிறது. மாஸ்டைட்டிஸ் என்பதற்கு என்ன போடுவது என்பதில் வேலை நின்றுபோயிருக்கிறது. மராட்டியில் 'ஸ்தனதாஹ' என்று சொல்லிவிடுகிறார்கள். நம் பெண்கள் எல்லாவற்றுக்கும் 'பால் கட்டிக்கிச்சு' என்பார்கள். 'பால்கட்டு' என்றே போட்டுவிடலாமா? யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

செம்பூரிலிருந்து:

'பால் காய்ச்சல்' எப்படி? ஊரில் மாட்டுக்கு வந்தால் மடிநோய், மடிவீக்கம் என்று தயக்கமில்லாமல் பேர் வைத்திருக்கிறோம். பெண்களுக்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறோம்! 'முலையழற்சி' இலக்கணப்படி சரி, ஆனால் அச்சடித்துக் கொடுத்தால் நாலாக மடித்துப் பர்ஸுக்குள் போய்விடும். சத்தமாக யாரும் படிக்க மாட்டார்கள்.

மாட்டுங்காவிலிருந்து:

தாராவித் தங்கச்சிக்கும் செம்பூர் சாருக்கும்,

'பால் காய்ச்சல்' வேண்டாம் சார். கால்நடை மருத்துவத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. கன்று ஈன்ற பசு, ரத்தத்தில் கால்சியம் குறைந்து எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த மாட்டுக்குக் காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டுக் கிடக்கும்.

'பால்கட்டு' விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு உரியது. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் இறங்கும்போது இரண்டு பக்கமும் கனத்து, தோல் இழுத்துக்கொண்டு, குழந்தை வாய் வைக்க முடியாமல் தவிக்குமே, அது பால்கட்டு. நாம் பேசுவது பெரும்பாலும் ஒரே பக்கத்தில் வருவது. அதிலும் ஒரு பகுதி மட்டும் தடித்துக் கொதிக்கும். 38.5 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சல், குளிர் நடுக்கம், கைகால் உளைச்சல் எல்லாம் சேர்ந்து வரும். சாதாரண காய்ச்சல் என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். டாக்டரிடம் போனாலும் மார்பைப் பற்றிச் சொல்வதில்லை.

இன்னொன்று. புத்தகப் படங்களில் 'சிவந்த ஆப்பு வடிவம்' என்று காட்டுவார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தோல் பளபளவென்று இறுகி, தொட்டால் அனலடிக்கும். துண்டறிக்கையில் 'சிவப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கட்டு என்றால் கை அவிழ்க்கப் பார்க்கும், உடைக்கப் பார்க்கும். தொண்ணூறடி சாலைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். மாமியார் நல்லெண்ணெயைச் சுடவைத்து, கட்டியைக் கரைக்கிறேன் என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தார். தோலில் விரல் தடம் கன்றிப்போயிருந்தது. வீக்கம் முன்பைவிட அதிகம். அந்தம்மாவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2000இல் வெளியிட்ட கையேடே பால் தேக்கத்தைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. பாலை வெளியே எடு, சூடு வை, பிசைந்து விடு என்பதுதான் வெகுகாலம் எல்லோருக்கும் பாடம்.

2022இல் ஏபிஎம் எனப்படும் தாய்ப்பால் மருத்துவ அகாடமி இதைத் திருப்பிப் போட்டது. பால் நாளங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, தொண்டையில் சோறு அடைத்த மாதிரி ஓரிடத்தில் பால் அடைத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். சுற்றியுள்ள திசு நீர் கோத்து வீங்கி, வெளியிலிருந்து நாளத்தை நெருக்குகிறது. அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். 'ஒட்டக் கறந்துவிடு' என்று பம்பை வைத்து இழுத்துக்கொண்டே இருந்தால், தேவை அதிகம் என்று உடம்பு எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். ஆகவே குழந்தை கேட்கிற அளவுக்குக் கொடுத்தால் போதும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் வைக்கலாம். வலிக்கும் வீக்கத்துக்கும் இபுப்ரோஃபென் எடுக்கலாம், வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாவிட்டால். பாரசிட்டமாலும் ஆகும். இரண்டும் பால் கொடுப்பவர்களுக்குப் பொருந்தும்.

ஒரு நாளில் குறையவில்லை என்றாலோ காய்ச்சல் ஏறிக்கொண்டே போனாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பாக்டீரியா தொற்றாகியிருந்தால்தான் ஆன்டிபயாட்டிக். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. செஃபலெக்சின் மாதிரி மருந்தை 10 முதல் 14 நாள் வரை தருவார்கள். இரண்டாம் நாளே சுகமாகிவிட்டது என்று பாதியில் விடக்கூடாது. சீழ் கோத்துவிட்டால் ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுப்பார்கள்.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய சயான் ஆஸ்பத்திரி உங்களுக்கு நடக்கிற தூரம். அதன் நிழலிலேயே 'காய்ச்சல்காரி பால் பிள்ளைக்கு ஆகாது' என்று நிறுத்துகிறார்கள். அந்தப் பால் குழந்தையை ஒன்றும் செய்யாது. சட்டென்று நிறுத்தினால்தான் சீழ் பிடிக்க வழியாகும். அப்புறம் மல்லிகைப்பூ. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988இல், பால் வற்றத் தருகிற ப்ரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவைக் கட்டினாலும் பால் சுரப்பு குறைகிறது என்று எழுதினார்கள். எனவே பால் மறக்கடிப்பவருக்கு அது சரி. இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பவர் மார்பில் வலிக்காகப் பூவைக் கட்டிவிடுவது வேண்டாத வேலை. எங்கள் மாட்டுங்காவில் பூ மலிவாகக் கிடைக்கிறதே என்று சொல்கிறேன்.

என் பரிந்துரை: கலைச்சொல் பட்டியலில் 'முலையழற்சி'. அழற்சி என்றாலே சூடும் வீக்கமும் வந்துவிடுகிறது. அழல் என்றால் நெருப்புதானே, நெருப்பை யாரும் பிசைய மாட்டார்கள். 'தொற்று முலையழற்சி' என்று நீட்டிக்கொள்ளவும் வசதி. அடுத்த கட்டத்துக்கு 'முலைச் சீழ்க்கட்டி'. 'மார்பழற்சி' வேண்டாம், மார்பு என்றால் நெஞ்சும்தான். ஓபிடியில் போய் மார்பு வலி என்றால் ஈசிஜி எடுக்க அனுப்பிவிடுவார்கள். கூச்சத்தைப் பற்றிச் செம்பூர் சார் சொன்னது: முலைப்பால், முலைக்காம்பு என்று மருத்துவப் புத்தகத்தில் இன்றும் எழுதுகிறோம். அங்கே இல்லாத கூச்சம் இங்கே எதற்கு?

செம்பூரிலிருந்து:

முலையழற்சிக்கு நானும் கை தூக்குகிறேன். 'பாலழற்சி' என்று சுருக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாததைச் சொல்வது போல ஒலிக்கிறது. விட்டுவிட்டேன்.

தாராவியிலிருந்து:

நன்றி அக்கா, நன்றி சார். தலைப்பில் 'ஒரு பக்க மார்பு கொதிக்கிறதா? காய்ச்சலும் இருக்கிறதா?' என்று போட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'முலையழற்சி' என்று கொடுக்கிறேன். பால்கட்டுக்குத் தனிப் பெட்டி. 'தேய்க்காதீர்கள், பிசையாதீர்கள்' என்பது மாமியார்கள் கண்ணில் படுகிற அளவில் கொட்டை எழுத்தில்.

வீக்கத்தால் பால் நாளம் நெருக்கப்படுகிற அந்த முதல் கட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும் அக்கா. 'நாள அடைப்பு' என்று எழுதினால் பழைய சிக்கல்தான் திரும்ப வரும். 'நாளக்குறுக்கம்' சரிப்படுமா?