புதுப்பிப்பு: அப்பாவின் ஆல்புமின் ஏன் ஏறவில்லை?

அப்பாவுக்கு ஆன்கா (ANCA) வகை இரத்தக்குழாய் அழற்சி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறு இரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய்; இரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 2.6-க்கு (கிராம்/டெசிலிட்டர்) இறங்கிவிட்டது, புரதம் கூட்டினால் ஏறுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

ஏறவில்லை. காரணம் இப்போதுதான் விளங்கியது. அழற்சி மூண்டிருக்கும்போது கல்லீரலே ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீரிலும் அது கசிகிறது. அந்த எண் சாப்பாட்டை மட்டும் காட்டுவதில்லை, நோயின் சீற்றத்தையும் சேர்த்தே காட்டுகிறது. ஆல்புமினையும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிடும் ஊட்டச்சத்துக் குறியீடு தாழ்ந்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்வதை இப்படித்தான் படிக்க வேண்டும் என நினைக்கிறேன். ஊட்டக்குறைவையும் அழற்சியையும் அதில் தனித்தனியாகப் பிரிப்பது கடினம்.

எடையை நம்பித்தான் நான் ஏமாந்தேன். குறையவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அது கால்வீக்கத்தில் தேங்கிய நீர். உள்ளே, அழற்சியை அடக்கத் தந்த ஸ்டீராய்டு மருந்து தசையைக் கரைத்துக்கொண்டிருந்தது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியாத அன்றுதான் உறைத்தது. சிகிச்சையின் முதல் ஆண்டில் உயிருக்குப் பெரிய ஆபத்து தொற்றுதான் என்பதால், தொற்றைத் தாங்கும் வலுவைக் குறைக்கும் இந்த மெலிவு எனக்கு மிகுந்த அச்சம் தருகிறது.

இப்போது ஸ்டீராய்டு குறைந்துவருகிறது, ஆல்புமின் 3.3. புரத அளவைச் சிறுநீரக மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவுசெய்கிறார்கள். நானாகக் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.