மகளின் பல்லில் காவிக்கறை: போர் தண்ணீர்தான் காரணமா?

தோட்டத்து வீடு எழுதியது:

வணக்கம். எங்கள் வீடு பென்னாகரம் பக்கம், ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஊர்த்தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. எங்களுக்கு போர் தண்ணீர்தான். கிணறு வற்றிப்போய் 6 வருடத்துக்கு முன்னால் 850 அடி போட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், உப்புக் கரிக்காது. வருகிறவர்கள் எல்லாம் "நல்ல தண்ணி" என்று இன்னொரு சொம்பு கேட்டுக் குடிப்பார்கள்.

மகளுக்கு 8 வயது. பால் பல் விழுந்து முன்பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டு இருந்தது. இப்போது அதன் குறுக்கே காவிக் கோடு. சரியாகப் பல் தேய்க்கவில்லை என்று நான் அவளை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். சின்னவனுக்கு 3 வயது. அவனுக்கும் இப்படி ஆகுமா? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதுமா?

மாரண்டஅள்ளி தம்பி:

அக்கா, கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் பயமில்லை.

பழைய ஆய்வகக்காரர்:

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் பெண் மேல் தப்பே இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்புதான் காரணம் என்று தோன்றுகிறது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே அது எனாமலை, அதாவது பல்லின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தண்ணீர் சோதனை ஆய்வகத்தில் 22 வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

தம்பி சொன்னது கிருமிக்குச் சரி. ஃப்ளோரைடுக்கு நேர் எதிர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. நம் மாவட்டத்துப் பாறையிலேயே அது இருக்கிறது. ஆழத்தில் பாறை இடுக்கில் வெகுநாள் நின்ற தண்ணீரில் ஊறி இறங்கிவிடும். ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று சேர்த்திருப்பது இதனால்தான்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை கழுவிப் பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி ஆகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்துக்கு 1.5 வரை தாளலாம் என்பது இந்தியத் தர அளவு.

முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். சின்னவனுக்கு இன்றைக்கே தண்ணீரை மாற்றுங்கள். எட்டு வயதுக்குள்தான் பெரும்பாலான நிலைப்பற்களின் எனாமல் உருவாகிறது. அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

தோட்டத்து வீடு:

ஐயா, படித்ததும் அழுதுவிட்டேன். அவளைக் கூப்பிட்டு "உன் தப்பு இல்லடி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். குடிக்க மட்டும் தெருக்குழாய்த் தண்ணீர் எடுத்தால் போதுமா? படிகாரம் போட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

கிருஷ்ணகிரி டீச்சர்:

சமையலுக்கும் அதுவே வேண்டும், தங்கச்சி. சோறு, பருப்பு, களி எல்லாம் தண்ணீரைக் குடித்துத்தானே வேகின்றன? எங்கள் வீட்டில் ஒரு வருடம் குடிக்க மட்டும் மாற்றிவிட்டு, உலைக்கு போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தோம். குளிக்க, துவைக்க, மாட்டுக்கொட்டகை கழுவ போர் தண்ணீர் போதும். பிள்ளைகளுக்குப் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் நிறையக் கொடுங்கள். சுண்ணாம்புச்சத்து குறைவாக இருக்கும் உடம்பைத்தான் இது அதிகம் தாக்கும்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? பல வருடம் குடித்தால் இது எலும்பையும் மூட்டையும் இறுக்கிவிடும். தாடையை நெஞ்சில் தொட முடிகிறதா, குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வயசு என்று விட்டுவிடாமல், எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழைய ஆய்வகக்காரர்:

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் முறை உண்மையிலேயே உண்டு. நல்கொண்டா முறை என்பார்கள். ஆனால் சோதனை முடிவைப் பார்த்து அளவு போட வேண்டியது அது. கண் அளவில் போட்டால் ஃப்ளோரைடும் போகாது, அலுமினியமும் சேரும். ஆர்ஓ மெஷின் நன்றாகவே குறைக்கும். அதற்குள் வடிகட்டுகிற மெம்பிரேன் சவ்வு தேய்ந்தால் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும், அதனால் வடிகட்டி வரும் தண்ணீரையும் வருடத்துக்கு ஒரு முறையாவது சோதியுங்கள். ஓட்டு வீடோ மாடி வீடோ, மழைநீர் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

தோட்டத்து வீடு:

முடிவு வந்துவிட்டது ஐயா. 3.2.

வீட்டுக்காரர் காலையில் சைக்கிளில் இரண்டு குடம் தெருக்குழாய்த் தண்ணீர் கொண்டுவருகிறார். ஒன்று குடிக்க, ஒன்று உலைக்கு. மகள் அந்தக் குடங்களில் சிவப்பு பெயிண்டால் பொட்டு வைத்திருக்கிறாள், யாரும் மாற்றி மொள்ளக் கூடாதாம். மாமியாருக்குத் தாடை நெஞ்சைத் தொடவில்லை, திங்கட்கிழமை கூட்டிப்போகிறோம். பக்கத்தில் இன்னும் நான்கு தோட்டத்து வீடுகள் இதே மாதிரி ஆழ போர் வைத்திருக்கிறார்கள், இரண்டு வீட்டில் கைக்குழந்தை. அவர்கள் பாட்டிலையும் நானே வாங்கிப்போய்க் கொடுக்கலாமா, இல்லை அவரவர்தான் வர வேண்டுமா?

பழைய ஆய்வகக்காரர்:

நீங்களே கொண்டுபோகலாம் அம்மா. ஒவ்வொரு பாட்டிலிலும் யார் வீட்டு போர், எத்தனை அடி, எந்தத் தேதியில் பிடித்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.