ஆற்றல் மாறக்கூடாது என்று நெட்வொர்க்கிடம் சொன்னேன், ஊசல் அந்தரத்தில் நின்றுவிட்டது

ஊசல்பையன் (கேள்வி):
இறுதியாண்டு புராஜெக்ட். 1 மீட்டர் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, 30 பாகை வரை பல கோணங்களில் விட்டு, செல்போனில் வீடியோ எடுத்தேன். ஒவ்வொன்றிலும் முதல் 10 வினாடிதான். இப்போதைய கோணமும் கோண வேகமும் கொடுத்தால் அடுத்த ஃபிரேமில் அவை என்ன ஆகும் என்று சொல்ல ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினேன். ஐந்தாறு ஆட்டம் அச்சு அசல். ஒரு நிமிடம் ஓடவிட்டால் ஊசல் தானாக மேலே ஏறி 40 பாகையைத் தாண்டுகிறது.

சரி என்று, ஆற்றல் மாறினால் லாஸ் (பழகும்போது நெட்வொர்க் குறைக்கப் பார்க்கும் தவறின் அளவு) கூடும்படி ஒரு உறுப்பைச் சேர்த்தேன். லாஸில் அந்த உறுப்புக்குக் குறைந்த முக்கியத்துவம் கொடுத்தால் பழைய கதை. கூட்டினால் விட்ட இடத்திலேயே நட்டு அசையாமல் தொங்குகிறது! இயற்பியல் விதியை இதற்கு ஊட்டவே முடியாதா?

வெப்பக்கோல்:
தம்பி, அது உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நிற்கிறது. அசையாத ஊசலின் ஆற்றல் மாறாதே. நீங்கள் விதியைக் கொடுக்கவில்லை, அபராதம் மட்டும் விதித்தீர்கள். 2019இல் ரைஸ்ஸி, பெர்டிகாரிஸ், கார்னியாடாகிஸ் மூவரும் பிரபலமாக்கிய ‘பின்’ (PINN, இயற்பியல் அறிந்த நியூரல் நெட்வொர்க்) முறையும் இயற்பியல் சமன்பாட்டை லாஸில் சேர்ப்பதுதான். பல இடங்களில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அபராதம் எவ்வளவு என்ற தலைவலி போகாது.

மீறவே முடியாதபடி கட்டுவது வேறு வழி. நான் பழகியது ஒரு கம்பியின் வெப்பத்தில். இரு முனையும் பனிக்கட்டி நீரில், அதாவது 0 டிகிரி. கம்பியின் நீளத்தை 1 என்றும், ஒரு முனையில் இருந்து தூரத்தை x என்றும் வைத்து, நெட்வொர்க் தரும் எண்ணை x(1−x) ஆல் பெருக்கிவிட்டேன். முனைகளில் அது என்ன உளறினாலும் விடை 0தான். 1998இல் லகாரிஸ் குழு எழுதிய பழைய தந்திரம் இது.

உங்கள் ஊசலுக்கு, 2019இல் வந்த ஹாமில்டன் நெட்வொர்க்கைப் பாருங்கள். அடுத்த நிலையைக் கேட்காமல் ஆற்றல் என்ற ஒரே ஓர் எண்ணைக் கேட்கிறோம். அதன் வகைக்கெழுக்களில் இருந்துதான் அசைவு பிறக்கிறது. நடுவில் ஆற்றல் திருட இடமே இல்லை. ஒன்று மட்டும்: அப்புறம் அசைவைச் சின்னச் சின்ன நேர அடிகளாகக் கணக்கிடும்போது எளிய ஆய்லர் முறையில் ஓட்டிவிடாதீர்கள், அது சரியான சமன்பாட்டைக்கூட மேலே ஏற்றிக் காட்டும். ஆற்றலை அப்படி ஏறவிடாத லீப்ஃபிராக் முறையை வையுங்கள்.

நூல்கண்டு:
எல்லாம் சரி, அந்த நட்டை நிஜமாகவே ஒரு நிமிடம் ஆடவிட்டுப் பார்த்தீர்களா?

ஊசல்பையன்:
இன்று பார்த்தேன். 30இல் விட்டது 60 வினாடியில் 22 பாகைக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டால் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி காலி. ஹாமில்டன் நெட்வொர்க்கும் போட்டேன், 30இலேயே அசராமல் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக நான் காப்பாற்றிக்கொண்டிருந்த ஆற்றல் நட்டிடமே இல்லை.

வெப்பக்கோல்:
கம்பிக்காரனுக்குக் காற்று ஞாபகமே வராது, மன்னிக்கவும். உந்தம் (p) மாறும் வீதத்தில், காற்றின் தடைக்காக −γp என்று ஓர் உறுப்பைச் சேருங்கள்; γ என்பது தடையின் அளவு. γவையும் டேட்டாவில் இருந்தே பழகட்டும், ஆனால் ஓர் எண்ணின் வர்க்கமாக எழுதுங்கள், எதிர்மறை ஆகாது. இயக்க ஆற்றலை வழக்கமான p² வடிவிலேயே வைத்து, நிலை ஆற்றலை மட்டும் நெட்வொர்க்கிடம் விடுங்கள். ஆற்றல் குறையத்தான் முடியும், ஏற முடியாது. 10 வினாடி வீடியோவில் தேய்மானம் கொஞ்சம்தான் தெரியும், ஒரு நிமிட வீடியோ நாலைந்து எடுத்துவிடுங்கள்.

ஊசல்பையன்:
எடுக்கிறேன் அண்ணா. ஹாஸ்டல் ஃபேனை நிறுத்திவிட்டு.