புதுப்பிப்பு: தம்பியின் ஸ்கைடைவிங் வீடியோ இப்போது திக்காமல் ஓடுகிறது

துபாயில் தம்பி 13,000 அடி உயரத்திலிருந்து குதித்த 4கே வீடியோ, மதுரை செல்லூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விட்டு விட்டு ஓடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். புது மெஷின் வாங்கச் சொன்னவர்களே அதிகம். வாங்கவில்லை, வேலை முடிந்துவிட்டது.

சிக்கல் ஃபைலின் அளவில் இல்லை. கேமரா பதிவது ஹெச்.265 என்ற, வீடியோவை மிகவும் சுருக்கி வைக்கும் வடிவத்தில். என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5, பழைய பிராசஸர். அந்த வடிவத்தைப் பிரித்துக் காட்டத் தனி வன்பொருள் அதில் இல்லை. முழுச் சுமையும் பிராசஸர் தலையில்தான். கேடன்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் பிராக்ஸி வசதியை இயக்கினேன். ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் ஒன்றை அதுவே செய்துகொள்கிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில்தான், கடைசி ரெண்டர், அதாவது முழு வீடியோவாக எழுதி எடுப்பது, மட்டும் அசலிலிருந்து. இலவச மென்பொருளில் இப்படியொரு வசதி இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

மதுரை வெயிலில் ரெண்டர் போட்டால் ஃபேன் அலறுகிறது. தூசி தட்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியபின் பரவாயில்லை. யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் ரெண்டரை முதலிலிருந்து போட வேண்டும்.

அப்புறம் சத்தம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது மைக்கில் காற்றின் இரைச்சல் மட்டும்தான். அதை மொத்தமாக எடுத்துவிட்டேன். பாராசூட் விரியும் இடத்தில் மட்டும் வேகத்தைப் பாதியாக்கினேன். நொடிக்கு 60 பிரேமில் (படங்களில்) எடுத்தது, அதனால் பாதி வேகத்திலும் 30 பிரேம் டைம்லைனில் துளிகூடத் திக்கவில்லை. துணி படபடத்து விரிவதும், தம்பியின் கன்னம் காற்றில் அதிர்வது அடங்குவதும் அவ்வளவு தெளிவு. அம்மா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்.